விதியைச் சாக்காகச் சொல்லலாமா?

புகழனைத்தும் படைத்துப் பரிபாலிக்கும் வல்லோன் அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகுக. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள், அவர்தம் வழி நடந்த நல்லோர் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

  

நாம் பிறப்பதற்கு முன்பே நம்முடைய ரூஹ் இந்த வாழ்க்கையை ஒப்புக்கொண்டுதான் வந்ததா? நமக்கு வாய்த்த வறுமையும் நோயும் இழப்பும் அங்கேயே முடிவு செய்யப்பட்டவையா? அப்படியாயின் இங்கே நாம் செய்வதற்கு என்ன இருக்கிறது? இக்கேள்விகள் நம் ஜமாஅத்துகளில் அடிக்கடி எழுகின்றன. ஆலிம்களின் சபையில் எழுவதைக் காட்டிலும் ஜனாஸா வீட்டின் முற்றத்தில்தான் இவை அதிகம் எழுகின்றன. மகனை இழந்த தாய் கேட்கிறாள். ஆலைக்குச் சென்ற கணவன் திரும்பி வராத சகோதரி இத்தாவில் அமர்ந்துகொண்டு கேட்கிறாள். அவர்களுக்கு நாம் சொல்லும் பதில் சரியானதாக இருக்க வேண்டும். தவறான பதில் ஈமானையும் பாதிக்கும்; அநீதிக்கும் வழிவிடும்.

இக்காலத்தில் கைப்பேசியில் ஒரு புதிய பேச்சு பரவி வருகிறது. ஒவ்வோர் ஆன்மாவும் பிறக்குமுன் தன் பெற்றோரையும் தன் துன்பங்களையும் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டு உலகிற்கு வருகிறதாம். உண்மையில் இது புதிய பேச்சன்று. கிரேக்க ஞானி அஃப்லாத்தூன், அதாவது பிளேட்டோ, தம்முடைய 'குடியரசு' என்னும் நூலின் இறுதியில் இத்தகைய கதை ஒன்றைக் கூறியிருக்கிறார். ஆன்மாக்கள் தத்தம் வாழ்க்கையைத் தாமே தேர்ந்தெடுத்து, மறதி நதியின் நீரைப் பருகிவிட்டுப் பிறக்கின்றன என்பது அக்கதை. கேட்பதற்கு ஆறுதலாகத் தோன்றும். ஆனால் இதன் விளைவைச் சிந்தித்துப் பாருங்கள். குறைபாட்டுடன் பிறந்த பச்சிளங்குழந்தையைப் பார்த்து, 'இதை நீயே விரும்பி எடுத்துக்கொண்டாய்' என்று சொல்வதாகாதா? அப்படிச் சொல்லத் தொடங்கினால் நம் உள்ளத்தில் பரிவு வற்றிவிடும். உதவும் கரம் மடங்கிவிடும். நம் மார்க்கம் இதைச் சொல்லவில்லை.

ரூஹ் கொடுத்த வாக்குறுதி எது?

ரூஹுகளின் உலகில் ஓர் உடன்படிக்கை நடந்தது உண்மை. அல்அஃராஃப் அத்தியாயத்தின் 172-ஆவது வசனம் அதனைக் கூறுகிறது. ஆதமின் மக்களுடைய முதுகந்தண்டுகளிலிருந்து அவர்களின் சந்ததியை வெளியாக்கி, நான் உங்கள் இரட்சகன் அல்லனா என்று அல்லாஹ் வினவினான். ஆம் என்று அவர்கள் சாட்சி கூறினார்கள். இதனை 'மீஸாக்' என்றும், 'அலஸ்து' உடைய நாள் என்றும் நம் முன்னோர் அழைத்தனர். ரூஹுகள் உடல்களுக்கு முன்பே படைக்கப்பட்டனவா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் இப்னு ஹஸ்ம் (ரஹ்) முன்பே படைக்கப்பட்டன என்றார்கள். இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) 'கிதாபுர் ரூஹ்' என்னும் நூலில் இதனை விரிவாக ஆராய்ந்து, உடலுக்குப் பின்னரே ரூஹ் படைக்கப்படுகிறது என்ற கருத்தை ஏற்றார்கள். நமக்கு வேண்டியது அவ்விவாதமன்று. அந்நாளில் என்ன கேட்கப்பட்டது, எதற்காகக் கேட்கப்பட்டது என்பதே நமக்கு வேண்டும்.

எந்தத் தொழில் வேண்டும், எந்த வீட்டில் பிறக்க வேண்டும், எத்தனை ஆண்டுகள் வாழ வேண்டும் என்று எந்த ரூஹிடமும் கேட்கப்பட்டதாகத் திருமறையில் இல்லை. கேட்கப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: உன் இரட்சகன் யார்? அது ஏன் கேட்கப்பட்டது என்பதையும் அதே வசனமும் அடுத்த வசனமும் தெளிவாக்குகின்றன. எங்களுக்கு இது தெரியாது என்றோ, எங்கள் மூதாதையர் செய்தனர், நாங்கள் பின்பற்றினோம் என்றோ மறுமை நாளில் மனிதன் கூறாதிருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

சகோதரர்களே! இங்கே சற்று நிதானித்துச் சிந்தியுங்கள். பிறப்பிற்கு முந்திய அந்நிகழ்ச்சியை அல்லாஹ் நமக்கு அறிவித்ததன் நோக்கமே சாக்குப்போக்குகளின் வாசலை அடைப்பதற்குத்தான். நாமோ அதே நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, 'எல்லாம் அங்கேயே முடிந்துவிட்டது' என்று புதியதொரு சாக்கை உண்டாக்குகிறோம். எவ்வளவு பெரிய தலைகீழ் மாற்றம்!

எழுதப்பட்டது உண்டு

அப்படியானால் விதி இல்லையா? உண்டு. நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டப்படியே என்று நம்புவது ஈமானின் ஆறு கடமைகளுள் ஒன்று. தாயின் கருவறையில் நாற்பது நாற்பது நாட்களாக மூன்று நிலைகள் கழிந்தபின் ஒரு மலக்கு அனுப்பப்படுகிறார், ரூஹ் ஊதப்படுகிறது, அம்மனிதனின் ரிஸ்க், அஜல், அமல், அவன் நற்பேறு பெற்றவனா பேறிழந்தவனா என்னும் நான்கும் எழுதப்படுகின்றன என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை ஹழ்ரத் இப்னு மஸ்வூத் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் காண்கிறோம். எழுதுவது மலக்கு, எழுதச் செய்பவன் அல்லாஹ். ரூஹ் தன் பங்கைத் தானே எழுதிக்கொள்வதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை.

இதனைத் தமிழர் தலையெழுத்து என்பர். நம்மில் சிலர் நஸீபு என்பர். உருது பேசும் சகோதரர்கள் கிஸ்மத் என்பர். சொல் எதுவாயினும், எழுதப்பட்டது என்ன என்பது நமக்குக் காட்டப்படவில்லை. காட்டப்படாத ஏட்டைக் காரணம் காட்டி, காட்டப்பட்ட கட்டளையை எப்படி விடுவது?

ஸஹாபாப் பெருமக்களே இந்த ஐயத்தைக் கேட்டிருக்கிறார்கள். மதீனாவின் பகீஉ அடக்கத்தலத்தில் ஒரு ஜனாஸாவின்போது நாயகம் (ஸல்) அவர்கள் அமர்ந்து, கையிலிருந்த குச்சியால் தரையைக் கீறியவாறு, ஒவ்வொருவரின் இருப்பிடமும் சுவர்க்கத்திலோ நரகத்திலோ எழுதப்பட்டுவிட்டது என்றார்கள். அப்படியானால் எழுத்தின் மீது பொறுப்பைச் சாட்டிவிட்டு அமலை விட்டுவிடலாமா என்று தோழர்கள் கேட்டார்கள். செயல்படுங்கள், ஒவ்வொருவருக்கும் எதற்காகப் படைக்கப்பட்டாரோ அது எளிதாக்கப்படும் என்று பெருமானார் விடையளித்தார்கள். ஹழ்ரத் அலி (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸில் விதியைப் பற்றிய கேள்விக்கு நபிகளார் தந்த முதல் விடை 'செயல்படுங்கள்' என்னும் கட்டளைதான். கேள்வி கேட்கப்பட்ட இடமும் ஜனாஸா அடக்கும் இடம்தான்.

இரு கரைகளுக்கு நடுவே

இஸ்லாமிய வரலாற்றில் இப்பிரச்சினையில் இரு கூட்டத்தார் வழிதவறினர். விதியே இல்லை, எல்லாம் மனிதன் கையில் என்றனர் கதரிய்யாக்கள். மனிதன் காற்றில் பறக்கும் இறகு போன்றவன், அவனுக்கு எந்தத் தேர்வும் இல்லை என்றனர் ஜபரிய்யாக்கள். இவ்விரண்டுக்கும் நடுவே அஹ்லுஸ் சுன்னத் வல் ஜமாஅத்தின் பாதையை இமாம் அபுல் ஹஸன் அஷ்அரி (ரஹ்), இமாம் அபூ மன்சூர் மாத்துரீதி (ரஹ்) ஆகிய இரு பெருந்தகைகளும் ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் தெளிவாக்கினர். செயலைப் படைப்பவன் அல்லாஹ். அதனை நாடிச் சம்பாதிப்பவன் அடியான். இந்தச் சம்பாத்தியத்திற்கு 'கஸ்பு' என்று பெயர். கேள்வி கணக்கு இதன் மீதே.

இது கடினமான இல்முல் கலாம் அன்று. குளிர் காய்ச்சலில் நடுங்கும் கையையும், இயந்திரத்தின் பொத்தானை அழுத்தும் கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் அசைகின்றன. முதலாவதற்கு யாரும் நம்மைக் குற்றம் சாட்டுவதில்லை. இரண்டாவதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இந்த வேறுபாட்டைக் குழந்தையும் அறியும். அல்லாஹ் முன்பே அறிந்திருப்பது நம்மைக் கட்டாயப்படுத்துவதாகாது. பள்ளிவாசல் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையில் நாளைய சூரிய உதயம் இன்றே அச்சாகியிருக்கிறது. அட்டவணை சூரியனைத் தள்ளிக்கொண்டு வருவதில்லை. இது அறிவுக்கு மட்டும் சொன்ன உவமை. அல்லாஹ்வின் அறிவுக்கும் நாட்டத்திற்கும் முழு உவமை கிடையாது.

நம் கண்முன் நடந்தவை

நம் பகுதியில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பாருங்கள். 2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை இரவு. மைசூரிலிருந்து தர்பங்கா செல்லும் பாக்மதி எக்ஸ்பிரஸ், கும்மிடிப்பூண்டிக்கு முன்னுள்ள கவரைப்பேட்டையில் பிரதானப் பாதையில் செல்ல வேண்டியது, கிளைப்பாதையில் திரும்பி அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலின் பின்புறம் மோதியது. பெட்டிகள் தடம் புரண்டன, தீயும் பற்றியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளில் பலர் காயமுற்றனர். ஆனால் ஒருவரும் மரணமடையவில்லை. அதற்கு முந்திய ஆண்டு, 2023 ஜூன் 2, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. சென்னையை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் இதே போன்று கிளைப்பாதையில் புகுந்து சரக்கு ரயிலில் மோதியது. அங்கே 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

ஒரே விதமான மோதல். ஓரிடத்தில் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. மற்றோரிடத்தில் ஓர் உயிரும் போகவில்லை. அஜல் அல்லாஹ்வின் கையில் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? ஆயினும் இவ்விரு விபத்துகளையும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரித்தார். சிக்னலில் என்ன கோளாறு, தண்டவாளத்தில் என்ன மாறுதல் என்று தேடப்பட்டது. 'ஒருவரும் சாகவில்லையே' என்று கவரைப்பேட்டையை விட்டுவிடவில்லை. 'விதி முடிந்தது' என்று பாலசோரையும் விட்டுவிடவில்லை. அதுவே சரி. உயிர் பிரியும் நேரம் அல்லாஹ்வுக்குரியது. தண்டவாளத்தின் பொறுப்பு மனிதருக்குரியது. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறைக்கலாகாது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2025 செப்டம்பர் 30 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தில், எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் கட்டப்பட்டு வந்த அனல்மின் நிலையத்தில் உயரத்திலிருந்த சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் அஸ்ஸாமிலிருந்து பிழைப்பிற்காக வந்தவர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் அதைச் சுற்றியும் உள்ள இரும்பு உருக்காலைகளிலும் உருட்டாலைகளிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த எத்தனையோ பேர் உலையின் வெப்பத்தில் உழைக்கிறார்கள். அவர்களில் பலர் ஜும்ஆவில் நம் பக்கத்தில் ஸஃப்பில் நிற்பவர்கள். இத்தகைய இடங்களில் ஒருவர் இறந்தால், 'அவன் நேரம் வந்துவிட்டது, போய்விட்டான்' என்ற ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடும் அபாயம் உண்டு. இறந்தவனுக்காக அழுபவள் சொன்னால் அது சபுர். சாரத்தை முறையாகக் கட்டாதவன் சொன்னால் அது சாக்கு. சொல் ஒன்றே, சொல்லும் வாய் வேறு.

இந்தச் சாக்கைத் திருமறை முன்னரே சுட்டிக்காட்டியுள்ளது. அல்லாஹ் கொடுத்ததிலிருந்து ஏழைக்குச் செலவிடுங்கள் என்று கூறப்பட்டபோது, அல்லாஹ் நாடினால் அவனே உணவளிப்பானே, நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று நிராகரிப்போர் கேட்டனர். யாஸீன் அத்தியாயத்தின் 47-ஆவது வசனத்தில் இதைக் காணலாம். அவர்கள் விதியை மறுக்கவில்லை. விதியைப் பேசியே கடமையிலிருந்து நழுவினர். மையித் வீட்டில் யாஸீன் ஓதும் நாம் இந்த வசனத்தையும் ஓதிக் கடந்துதானே செல்கிறோம்!

தவறுதலாக ஒரு முஃமினைக் கொன்றுவிட்டால்கூட, இறந்தவரின் குடும்பத்தார் விட்டுக்கொடுத்தாலன்றி அவர்களுக்கு தியத் என்னும் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 92-ஆவது வசனம் கட்டளையிடுகிறது. இறந்தவர் தம் அஜலில்தான் இறந்தார். அதில் ஐயமில்லை. இருந்தும் நஷ்டஈடு கடமையாகிறது. முறையாக மருத்துவம் அறியாதவன் வைத்தியம் செய்து கேடு விளைந்தால் அவனே அதற்குப் பொறுப்பாளி என்று அபூதாவூதில் ஹதீஸ் உண்டு. தடுப்புச் சுவரில்லாத மாடியில் இரவில் உறங்குபவரை விட்டுப் பாதுகாப்பின் பொறுப்பு நீங்கிவிட்டது என்றும் அதே நூலில் ஒரு ஹதீஸ் உள்ளது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் மாடிக்குத் தடுப்பு வேண்டும் என்று கற்பித்த மார்க்கம், இன்று உயரத்தில் ஏறுபவருக்கு இடுப்புப் பட்டை வேண்டாம் என்றா சொல்லும்?

உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டிற்குப் புறப்பட்டு ஸர்க் என்னும் இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. ஆலோசனை செய்துவிட்டுத் திரும்ப முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதிலளித்தார்கள். ஒரு புறம் பசுமையும் மறுபுறம் வறட்சியும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகங்களை எந்தப் புறத்தில் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படிதானே என்று விளக்கினார்கள். பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து, நோயுள்ள ஊருக்குள் செல்லாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் நோய் வந்தால் அதைவிட்டு வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியை அறிவித்தார்கள். உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்து திரும்பினார்கள். ஹிஜ்ரி 18-இல் (கி.பி. 639) நிகழ்ந்த அந்த அம்வாஸ் கொள்ளைநோயில் தம் மக்களோடு தங்கியிருந்த அபூ உபைதா (ரலி) அவர்கள் வஃபாத்தானார்கள். இருவரும் விதியை நம்பியவர்களே. ஒருவர் எச்சரிக்கையால் கீழ்ப்படிந்தார். மற்றவர் பொறுமையால் கீழ்ப்படிந்தார்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று. நிகழ்வதற்கு முன் முயற்சியும் எச்சரிக்கையும் நம் கடமை. நிகழ்ந்த பின் அல்லாஹ்வின் நாட்டத்தைப் பொருந்திக்கொள்வது நம் கடமை. முன்னதன் இடத்தில் பின்னதை வைத்தால் சோம்பலும் அநீதியும் பிறக்கும். பின்னதன் இடத்தில் முன்னதை வைத்தால் ஓயாத மனவேதனை பிறக்கும். பயனளிப்பதில் ஆர்வம் கொள், அல்லாஹ்விடம் உதவி தேடு, தளர்ந்துவிடாதே; ஏதேனும் நேர்ந்துவிட்டால் 'அப்படிச் செய்திருந்தால்' என்று கூறாதே, அது ஷைத்தானின் வேலைக்கு வாசலைத் திறக்கும் என்று முஸ்லிமில் வரும் ஹதீஸ் இவ்விரு கடமைகளையும் இந்த வரிசையிலேயே வைத்திருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

ஆகவே சகோதரர்களே! இழப்பு நேர்ந்த வீட்டில், 'அன்றைக்கு வேலைக்கு அனுப்பாமல் இருந்திருக்கலாமே' என்று எவரும் சொல்லாதீர்கள். அந்தத் தாயின், அந்த மனைவியின் நெஞ்சில் அது ஆயுள் முழுதும் முள்ளாகத் தைத்திருக்கும். எந்தத் துன்பமும் உருவாகுமுன்பே ஏட்டில் உள்ளது, கைதவறியதற்காக நீங்கள் துயரில் ஆழ்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே அது அறிவிக்கப்பட்டது என்னும் அல்ஹதீத் அத்தியாயத்தின் கருத்தை (வசனங்கள் 22, 23) அவர்களுக்குச் சொல்லுங்கள். விதியின் மருந்து இருக்க வேண்டிய இடம் இதுதான். ஆறுதல் சொல்லிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். இந்நாட்டில் 1923-ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அந்த உரிமை இன்று 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. அந்தக் குடும்பத்திற்குரிய தாள்களை எழுதிக் கொடுக்க, அலுவலகத்திற்கு உடன் செல்ல ஜமாஅத்தில் படித்த இளைஞர் இருவர் முன்வரட்டும். இழப்பீட்டைக் கேட்பது தக்தீரை எதிர்ப்பதாகாது. அது ஹக்கு.

நம்மில் பட்டறையும் ஆலையும் நடத்துவோர், ஒப்பந்தத்திற்கு ஆள் அனுப்புவோர் கவனியுங்கள். உங்கள் கீழுள்ள ஒவ்வொருவரைப் பற்றியும் நீங்கள் விசாரிக்கப்படுவீர்கள். தலைக்கவசம், இடுப்புப் பட்டை, இயந்திரத்தின் மூடி இவற்றில் மிச்சம் பிடித்த காசு பரக்கத்தாக மாறாது. உழைக்கும் சகோதரர்களே! கொடுத்த கவசத்தை வெயிலுக்கு அஞ்சிக் கழற்றி வைத்துவிட்டு, 'வருவது வரட்டும்' என்று சொல்லாதீர்கள். அது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி கூறிய நபியின் உம்மத் நாம். இளைஞர்களே! கெட்ட பழக்கத்தை விடமுடியாதது என் நஸீபு என்று சொல்லாதீர்கள். உங்கள் நஸீபு எழுதப்பட்ட ஏட்டை நீங்கள் பார்த்ததில்லை. தவ்பாவின் வாசல் திறந்திருப்பதை மட்டும் அறிவீர்கள்.

நம் ரூஹ் பிறக்குமுன் துன்பத்திற்கு ஒப்பந்தம் போடவில்லை. உன்னை இரட்சகன் என்று ஏற்றோம் என வாக்குக் கொடுத்தது. அவ்வாக்கை நிறைவேற்றுவது உலையருகிலும் சாரத்தின் மீதும் ஜனாஸா வீட்டிலும்தான் சோதிக்கப்படுகிறது.

யா அல்லாஹ்! உழைப்புத் தலங்களில் மரணித்த எங்கள் சகோதரர்களுக்கு மக்ஃபிரத்தை அருள்வாயாக! அவர்களின் விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் ஹக்கைச் சேர்ப்பிப்பாயாக! உன் விதியைப் பொருந்திக்கொள்ளும் உள்ளத்தையும், உன் கட்டளையைச் செயல்படுத்தும் கரங்களையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!